நாய்க்குட்டியின் மகிழ்ச்சியும் நமது பொறுமையும்

 

ஆண்டு மலருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை என்றால், அது கல்வியின் சிறப்பைப் பற்றியோ கட்டொழுங்கின் இன்றியமையாமையைப் பற்றியோ அமைந்திருக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. இவ்வாண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. வீட்டிற்கு வருபவரைக் கண்டவுடன் மகிழ்ச்சி தாங்காமல், நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும் நாய்க்குட்டியைப் பற்றி எழுத முற்படுகின்றேன். சிரித்துவிட வேண்டா. இச்சிறு செய்தியினால் ஒரு குட்டி தெருவில் விடப்படும் நிலைக்கு வந்தது. ஒரு சிறுவன் மூன்று நாள் சரியாக உண்ணாமல் பள்ளிக்கு வந்தான்.

இவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையின் பக்கம் சென்றேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அமர்ந்திருந்தான். “தம்பி, உடல்நலம் இல்லையா?” என்று வினவினேன். அவன் எழுந்து நின்று, “ஐயா, எங்கள் ஜிம்மியை அப்பா ஞாயிற்றுக்கிழமை சாக்கில் கட்டிக்கொண்டு போய்ச் சந்தைப் பக்கம் விட்டுவிடப் போகிறாராம்” என்றான். சொல்லி முடிக்குமுன் கண்கள் கலங்கிவிட்டன.

அவனிடம் மெல்ல விசாரித்ததில் முழுச் செய்தியும் தெரிந்தது. ஜிம்மி நான்கு மாதக் குட்டி. அவன் தந்தையார் செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி. பிற்பகலில் அவருடைய மோட்டார் சைக்கிளின் ஒலி லயத்தின் திருப்பத்தில் கேட்டதும் குட்டிக்குக் கால் தரையில் பாவாது. ஓடிவந்து, வாலை உடலோடு சேர்த்து ஆட்டி, அவர்மீது தாவும். தாவும்போதே சிறுநீரும் சொட்டும். அவர் காலும் நனையும், இல்லத்தரசி கழுவித் துடைத்த தரையும் நனையும். முதலில் அதட்டினார், பின்னர் விளக்குமாற்றால் அடித்தார். அடிக்க அடிக்கக் குறைவதற்கு மாறாக அது கூடிக்கொண்டே போயிற்று. “நன்றி கெட்டது; வேண்டுமென்றே செய்கிறது” என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அவர் முடிவு தவறானது. ஆனால் அதற்காக அவரைக் குறைகூற எனக்குத் தகுதி இல்லை. ஏனெனில், அதே தவற்றை நானும் ஒரு காலத்தில் செய்தவன். அதனைப் பின்னர்க் கூறுவேன். முதலில், குட்டியின் உடலுக்குள் நடப்பது யாது என்பதை அறிந்துகொள்வோம்.

உடலுக்குள் நடப்பது யாது?

சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்தை ஓயாது வடிகட்டுகின்றன. வடிந்த கழிவுநீர் சிறுநீர்ப்பையில் வந்து தேங்குகின்றது. பையின் வாயிலைச் சுருக்குத்தசைகள் காக்கின்றன. பணப்பையின் வாயைச் சுருக்குக்கயிறு இறுக்குவதைப் போல என்று எண்ணிக்கொள்ளலாம். இத்தசைகளுள் உட்புறம் இருப்பது நம் விருப்பத்தை எதிர்பாராமல் தானே இயங்குவது. வெளிப்புறம் இருப்பது மூளையின் கட்டளைக்கு உட்பட்டது. பை நிறைந்துவிட்டது என்ற செய்தி நரம்புகளின் வழியே மூளைக்குச் செல்ல, ‘இது தக்க இடம் அன்று, பொறு’ என்று மூளை கட்டளையிட, வெளித்தசை இறுகுகின்றது. இதுவே அடக்குதல் என்பது.

இவ்வாற்றல் எந்த உயிர்க்கும் பிறவியிலேயே முழுமையாக வாய்ப்பதன்று. பிறந்த நாய்க்குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்கவும் இயலாது. தாய் நாய் அதன் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நாவால் நக்கிவிடும்பொழுதுதான் சிறுநீர் வெளிப்படும். ஏறத்தாழ மூன்று வார அளவில்தான் குட்டி தானே கழிக்கத் தொடங்குகின்றது. கழிக்கக் கற்ற பின்னர் அடக்கக் கற்றுக்கொள்ள இன்னும் பல மாதங்கள் பிடிக்கின்றன. எத்தனை மாத வயதோ ஏறத்தாழ அத்தனை மணி நேரம் ஒரு குட்டியால் பொறுத்திருக்க இயலும் என்று நாய் வளர்ப்போர் பொதுவாக ஒரு கணக்குச் சொல்வர். அதுவும் குட்டி அமைதியாக இருக்கும் வேளைக்கே பொருந்தும்.

இந்நிலையில், குட்டி தன் உயிரென நேசிக்கும் ஒருவர் வாயிலில் தோன்றுகின்றார். அதன் உள்ளம் முழுவதும் மகிழ்ச்சியால் நிறைகின்றது, உடல் துள்ளுகின்றது, நெஞ்சு படபடக்கின்றது. அந்த ஒரு நொடியில், முதிராத தசையின் பிடி தளர்ந்து விடுகின்றது. சில துளிகளோ, சிறு குட்டையளவோ வெளிவந்து விடுகின்றன. குட்டி அதனை அறிவதுகூட இல்லை. ஆதலால்தான் அது தன் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. திரும்பிப் பார்ப்பதும் இல்லை. விழுந்து விழுந்து சிரிக்கும் சிறு பிள்ளை சில வேளை உடையை நனைத்துக்கொள்வதைத் தாய்மார்கள் கண்டிருப்பீர்கள். இஃதும் அத்தகையதே.

ஆகவே, இது பிடிவாதமும் அன்று, பழிவாங்குதலும் அன்று, நன்றி கெட்ட செயலும் அன்று. வளர்ச்சி முற்றுப்பெறாத உடலில் பெருமகிழ்ச்சி ஒன்று வந்து மோதுவதன் விளைவு. பெரும்பாலான குட்டிகளிடம், ஏறத்தாழ ஓராண்டு நிறைவதற்குள் இது தானே மறைந்துவிடும். அந்த ஓராண்டை நாம் எவ்வாறு கடக்கின்றோம் என்பதே வினா.

பிரித்தறிதல் வேண்டும்

நாய்க்குட்டி வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதெல்லாம் ஒரே காரணத்தால் அன்று. நோய் அறியாமல் மருந்து கொடுத்தல் ஆகாது. ஆதலால் பின்வருவனவற்றைப் பிரித்தறிந்து கொள்ளுங்கள்.

முதலாவது, மகிழ்ச்சியினால் நேர்வது. குட்டி நின்றுகொண்டோ துள்ளிக்கொண்டோ இருக்கும். வால் தாராளமாக ஆடும், வாய் திறந்திருக்கும், வருபவரை நோக்கி அது ஓடிவரும். ஆள் வரும் வேளையிலும் விளையாடும் வேளையிலும் மட்டுமே இது நிகழும்.

இரண்டாவது, அச்சத்தினாலும் பணிவினாலும் நேர்வது. இங்கே குட்டி உடலைக் குறுக்கும். காதுகளைப் பின்னுக்கு மடக்கும். வாலைக் கால்களுக்கு இடையே செருகும். நம் முகத்தை நேரே பாராது. சில குட்டிகள் மல்லாந்து வயிற்றைக் காட்டிக்கொண்டே சிறுநீர் விடும். ‘நான் சிறியவன், என்னை ஒன்றும் செய்யாதீர்’ என்று நாயினத்தார் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி அது. உரத்த குரலும், மேலே கவிந்து குனியும் உருவமும், ஓங்கிய கையும் இதனைத் தூண்டும்.

மூன்றாவது, பழக்கம் இன்மை. குட்டி அமைதியாக இருக்கும் வேளையில், யாரும் வராதபோதும் மூலையில் சென்று கழிக்குமானால், எங்கே கழிக்க வேண்டும் என்பதை நாம் இன்னும் கற்பிக்கவில்லை என்பது பொருள்.

நான்காவது, எல்லைக்குறி இடுதல். பருவம் எய்திய நாய், பெரும்பாலும் ஆண் நாய், காலைத் தூக்கித் தூணிலும் சுவரிலும் சிறிது சிறிதாகக் கழிக்கும். இது நாம் பேசும் பொருளன்று.

ஐந்தாவது, நோய். அடிக்கடி முக்கிச் சிறிதளவே கழித்தல், சிறுநீரில் இரத்தம் தெரிதல், வழக்கத்திற்கு மாறாக மிகுதியாகத் தண்ணீர் குடித்தல், உறங்கும்போது படுத்த இடம் நனைதல், ஓயாது சொட்டிக்கொண்டே இருத்தல் ஆகியவை நோய்க்குறிகள். சிறுநீர்ப்பாதையில் தொற்று இருக்கலாம். சில குட்டிகளுக்குச் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் பிறவியிலேயே இடம் மாறி அமைந்திருப்பதும் உண்டு. இத்தகைய குறி ஒன்று தென்பட்டாலும் காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அன்பும் பயிற்சியும் தொற்றை நீக்கமாட்டா.

நான் செய்த தவறு

இப்பொழுது என் கதைக்கு வருகின்றேன். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், தோட்டத்து ஆசிரியர் குடியிருப்பில் கறுப்பு நிறக் குட்டி ஒன்றை வளர்த்தேன். மாலையில் நான் வீடு திரும்பும்போதெல்லாம் அது என் காலணியை நனைத்துவிடும். அக்காலத்தில் பலரும் கூறிய முறைப்படி, அதன் மூக்கை ஈரத்தில் தேய்த்து, சுருட்டிய நாளிதழால் இரண்டு அடி கொடுத்தேன். நாள்தோறும் இவ்வாறு செய்தேன். ஒரு மாதம் கழிந்தது. குட்டி ஓடிவருவதை நிறுத்திவிட்டது. ஆனால் நனைப்பதை நிறுத்தவில்லை. என் காலடி ஓசை கேட்டதும் நாற்காலியின் கீழ்ச் சென்று சுருண்டு படுத்து, அங்கேயே நனைத்தது. மகிழ்ச்சியால் நேர்ந்ததை நான் அச்சத்தால் நேர்வதாக மாற்றிவிட்டேன். காலத்தால் தானே தீரக்கூடிய ஒன்றன் இடத்தில், எளிதில் தீராத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தேன்.

இதில் எனக்கு வெட்கம் தந்தது யாதெனில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதற்கான விளக்கத்தை நான் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன் என்பதே. செரிமானம் பற்றிய ஆய்வுக்காக 1904-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற இவான் பாவ்லோவ் என்னும் ருஷ்ய அறிஞரைக் கல்வி உளவியல் பயின்ற ஆசிரியர் அனைவரும் அறிவர். உணவு வாயில் படுமுன்னரே, உணவு வரப்போவதைக் காட்டும் ஓசையைக் கேட்ட அளவிலேயே நாய்களுக்கு உமிழ்நீர் சுரப்பதை அவர் ஆராய்ந்து விளக்கினார். அந்த உமிழ்நீரை நாய் வேண்டுமென்று சுரக்கவில்லை. வேண்டாமென்று நிறுத்தவும் அதனால் இயலாது. ஓர் ஓசையும் ஒரு நிகழ்ச்சியும் மீண்டும் மீண்டும் சேர்ந்து வந்தால், ஓசையே உடலை இயக்கிவிடும்.

மோட்டார் சைக்கிளின் ஒலி கேட்டவுடன் ஜிம்மியின் உடல் துள்ளியதும் இவ்வாறே. என் காலடி ஓசையோடு நான் அடியைச் சேர்த்துவிட்டேன். ஆதலால் என் காலடி ஓசையே என் குட்டிக்கு அச்சமாயிற்று. அடித்தால் தசை வலுவடையாது. மேலும், கழிந்த சிறுநீரையும் விழுந்த அடியையும் பொருத்திப் பார்க்கும் அறிவு குட்டிக்கு இல்லை. தான் கழித்ததையே அது அறியவில்லை அன்றோ? அது அறிவதெல்லாம், ‘இவர் வந்தால் அடி விழும்’ என்பதொன்றே.

ஓசையோடு அச்சத்தைச் சேர்க்க முடியுமானால், அமைதியையும் சேர்க்க முடியும் அல்லவா? கீழ்க்காணும் வழிகள் அனைத்தும் இவ்வொரு கருத்திலிருந்து பிறப்பவையே.

செய்ய வேண்டியவை

1. வருகையைச் சிறிய நிகழ்ச்சியாக்குங்கள். வீட்டிற்குள் வரும்போது குட்டியை அழைத்துக் கூவ வேண்டா, கொஞ்ச வேண்டா, அதட்டவும் வேண்டா. அதனைப் பாராதவர்போல் உள்ளே சென்று, பையை வைத்து, கைகால் கழுவிக்கொள்ளுங்கள். குட்டி துள்ளி அடங்கி நான்கு கால்களும் தரையில் ஊன்றி நின்ற பிறகு அதனிடம் செல்லுங்கள். இதற்கு ஐந்து நிமிடமும் ஆகலாம். பத்து நிமிடமும் ஆகலாம்.

2. உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கவிந்து தலையைத் தடவாமல், பக்கவாட்டில் திரும்பிக் குந்தி அமருங்கள். கண்ணோடு கண் நோக்க வேண்டா. குட்டி தானாக அருகில் வரட்டும். வந்தபின் தலையின்மேல் கை வைக்காமல், தாடையின் கீழோ மார்பிலோ மெதுவாக வருடுங்கள். குரல் தாழ்ந்திருக்கட்டும்.

3. சந்திப்பை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். இயன்றவரை குட்டி புல்தரையில் இருக்கும்போதே அதனைச் சந்தியுங்கள். அங்கே சில துளிகள் சிந்தினாலும் யாருக்கும் கேடில்லை. சினம் எழுவதற்கே இடமில்லை என்பது இதன் பெரும் பயன்.

4. பையை முன்னரே காலி செய்யுங்கள். விருந்தினர் வருமுன்னரும், விளையாட்டைத் தொடங்குமுன்னரும், உறங்கி எழுந்தவுடனும், உண்ட பின்னரும் குட்டியை வெளியே அழைத்துச் செல்லுங்கள். வெளியே கழித்தவுடன் அங்கேயே பாராட்டுங்கள். சிறுநீர் வராமலிருக்கட்டும் என்று தண்ணீரை மட்டும் மறைத்துவிடாதீர்கள். நம் நாட்டு வெயிலில் அது பெருங்கேடு விளைக்கும்.

5. வாயில் ஓசையைப் பழக்கப்படுத்துங்கள். விடுமுறை நாளில் பத்து முறை வெளியே சென்று பத்து முறை உள்ளே வாருங்கள். ஒவ்வொரு முறையும் குட்டியைக் கண்டுகொள்ளாமல் வாருங்கள். முதன்முறை துள்ளும் குட்டி பத்தாம் முறை தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். கதவு திறப்பது ஒரு திருவிழா அன்று என்பதை அது கற்றுக்கொள்கின்றது.

6. வேறொரு செயலைக் கற்பியுங்கள். நற்பயன் தரும் செயலையே உயிர்கள் மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் தார்ண்டைக், பூனைகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளால் விளக்கினார். அவ்வாய்வுகள் 1898-ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவ்விதியைப் பின்பற்றி, ‘உட்கார்’ என்ற சொல்லைக் குட்டி அமைதியாக உள்ள வேளையில் பழக்குங்கள். உட்கார்ந்தவுடன் எலும்பு நீக்கி வேகவைத்த கோழி இறைச்சியின் சிறு துணுக்கைக் கொடுங்கள். நன்கு பழகியபின், வருபவர்முன் உட்காரச் சொல்லுங்கள். உட்கார்ந்திருக்கும் குட்டியால் துள்ள இயலாது.

7. விளையாட்டைச் சிறு பகுதிகளாக்குங்கள். நெடுநேரம் துரத்தி விளையாடுவதைக் காட்டிலும், சில நிமிடம் விளையாடிச் சில நிமிடம் ஓய்வு கொடுத்தல் நன்று. குட்டியின் பரபரப்பு எல்லை மீறுமுன் நிறுத்திவிடுங்கள்.

8. வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றுங்கள். தந்தை அமைதி காக்க, அண்ணன் கூவி அழைத்துத் தூக்கிச் சுற்றினால் குட்டி எதனைக் கற்கும்? வீட்டிற்கு வரும் உறவினரிடமும், ‘சற்று நேரம் அதனைப் பாராதீர்கள்’ என்று முன்னரே சொல்லி வையுங்கள். தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களில் இது மிகவும் இன்றியமையாதது.

9. நேர்ந்துவிட்டால் ஒன்றும் சொல்லாதீர்கள். சினந்து கூவவும் வேண்டா. ‘ஐயோ பாவம்’ என்று தேற்றவும் வேண்டா. குட்டியை அமைதியாக அப்பால் அழைத்துச் சென்றுவிட்டு, பிறகு தரையைத் துடையுங்கள்.

தூய்மையும் அக்கம்பக்கமும்

ஈரத்தை முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். பின்னர்ப் பாதி நீரும் பாதி காடியும் கலந்து துடைத்தால் வாடை பெரும்பாலும் நீங்கும். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் நொதிப்பொருள் கலந்த கழுவுநீர் இதனினும் சிறந்தது. அம்மோனியா கலந்த கழுவுநீர் வேண்டா. அதன் வாடை சிறுநீரின் வாடையை ஒத்திருப்பதால் குட்டியை அதே இடத்திற்கு மீண்டும் இழுக்கக்கூடும். வெளுப்பு நீரைக் காடியோடும் அம்மோனியாவோடும் ஒருபோதும் கலக்கலாகாது. நச்சு வாயு எழும். மாணவர்கள் இதனை நன்கு மனத்தில் கொள்க.

துடைத்தபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கையில் புண் இருந்தால் கையுறை அணியுங்கள். எலிக்காய்ச்சல் எனப்படும் நோயின் கிருமி, எலியின் சிறுநீரால் மட்டுமன்றி நோயுற்ற நாயின் சிறுநீராலும் பரவக்கூடியது. எலி நடமாட்டம் மிகுந்த தோட்டப்புறத்தில் இஃது அச்சுறுத்தல் அன்று, தேவையான எச்சரிக்கை. நாய்களுக்கு இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

மற்றொன்றையும் மறவற்க. நாம் பல இனத்தாரோடு கூடி வாழும் நாட்டினர். நம் இஸ்லாமிய அண்டை வீட்டார், நாயின் ஈரம் மேலே பட்டால் தம் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்துகொள்ள வேண்டியவர்கள். ஆதலால் அத்தகைய அன்பர்கள் நம் இல்லம் நாடி வரும்போது, குட்டியைப் பின்புறம் கட்டிவைத்துவிட்டு, தரையைக் கழுவி வைத்து வரவேற்பதே பண்பாடு. இதனால் குட்டிக்கும் இழப்பில்லை, நட்பும் நிலைக்கும்.

எப்பொழுது மருத்துவரை நாடுவது?

முன்பு கூறிய நோய்க்குறிகள் தென்பட்டால் உடனே நாடுங்கள். ஓராண்டு கடந்தும் நிலை மாறாவிடினும், நன்றாக இருந்த குட்டி திடீரென மீண்டும் நனைக்கத் தொடங்கினாலும் நாடுங்கள். தசையின் பிடியை வலுப்படுத்தும் மருந்துகளும் உள்ளன. அவற்றைத் தருவதா இல்லையா என்பது மருத்துவர் முடிவு செய்யவேண்டியது; கடையில் நாமே வாங்கிக் கொடுக்கலாகாது. தனியார் மருத்துவமனைக்குச் செல்ல இயலாதவர், மாவட்டக் கால்நடை மருத்துவச் சேவை அலுவலகத்தை அணுகி வழி கேட்கலாம்.

அடிப்பதைப் பற்றிச் சட்டமும் பேசுகின்றது என்பதையும் பெற்றோர் அறிதல் நன்று. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தின்படி, விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆனால் சட்டத்திற்கு அஞ்சிக் கையை மடக்குவதைவிட, உண்மையை உணர்ந்து மடக்குவதே மேலானது.

ஜிம்மிக்கு என்ன ஆயிற்று?

அன்று மாலையே நான் அம்மாணவனின் இல்லத்திற்குச் சென்றேன். தந்தையார் என்னை வரவேற்று அஞ்சடியில் நாற்காலி போட்டார். “வாத்தியார் ஐயா, நாயைப் பற்றிப் பேசவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பின்னர் என் கறுப்புக் குட்டியின் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. “அப்படியானால் அது என்னைக் கண்டு மகிழ்ந்துதான் செய்கிறதா?” என்று கேட்டார். “ஆம். உங்களைக் கண்டு இவ்வளவு மகிழும் உயிர் வேறொன்று இருந்தால் சொல்லுங்கள்” என்றேன். உள்ளேயிருந்து இல்லத்தரசியின் சிரிப்பொலி கேட்டது.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்ப்பதாக அவர் இசைந்தார். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தாமல் புல்தரையருகே நிறுத்தத் தொடங்கினார். குட்டியைப் பாராமலே காலணியைக் கழற்றி, முகம் கழுவி, படியில் அமர்வார். அது அடங்கிய பிறகே கை நீட்டுவார். முதல் இரண்டு வாரம் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் நன்றாக இருந்தால் மறுநாள் பழையபடி நேர்ந்தது. அடிபட்ட அச்சம் நீங்கவே சில வாரம் பிடித்தது. மூன்றாம் மாதத்தில் வாரத்திற்கு ஒரு முறை என்று குறைந்தது. இம்மலருக்காக நான் இதனை எழுதும் இவ்வேளையில் ஜிம்மிக்குப் பதினொரு மாதம் ஆகின்றது. பல வாரங்களாகத் தரை நனையவில்லை. ஒலி கேட்டால் இன்றும் ஓடிவருகின்றது. ஆனால் படியருகே வந்து உட்கார்ந்துகொள்கின்றது. அம்மாணவனும் உணவுப் பொட்டலத்தை மிச்சம் வைப்பதில்லை.

என் கறுப்புக் குட்டிக்கு இவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. அது வளர்ந்து முதிர்ந்து இறக்கும்வரை, என் கை சற்று வேகமாக உயர்ந்தாலே தலையைத் தாழ்த்தும். அதன் பிறகு நான் அதனை ஒருபோதும் அடித்ததில்லை. ஆயினும் அது மறக்கவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி தொடங்கும் முதல் நாளில், முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு குழந்தையாவது பெயர் சொல்லி அழைத்தவுடன் எழுந்து நின்று உடையை நனைத்துக்கொள்ளும். நம் ஆசிரியைகள் என்ன செய்கின்றனர்? மற்றக் குழந்தைகள் சிரிக்காதவாறு வேறு பேச்சை எடுத்து, அக்குழந்தையை அமைதியாக வெளியே அழைத்துச் சென்று, உடை மாற்றி, மீண்டும் அதே இடத்தில் அமர்த்துகின்றனர். மறுவாரம் அக்குழந்தை மகிழ்ச்சியோடு வருகின்றது. அடித்திருந்தால் வருமா?

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டில் குட்டி ஒன்று இருக்குமானால், இன்று மாலை நீங்கள் வீட்டிற்குள் நுழையும் முறையிலிருந்தே பயிற்சியைத் தொடங்குங்கள். முதலில் மாற வேண்டியது குட்டியன்று, நாமே. பெற்றோர்களே! தரையை நனைத்த நீரைத் துடைக்க ஒரு நிமிடம் போதும். உள்ளத்தில் படிந்த அச்சத்தைத் துடைக்க ஆண்டுகள் போதா. இதனை உணர்ந்து, நம்மை நம்பி வாழும் வாயில்லா உயிர்களிடம் பொறுமை காப்போமாக.